ஊசி வடக்கை எப்படி அறிகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், காட்டில் வழி தவறியவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, "திசைகாட்டியின் ஊசி வடக்கைக் காட்டும், அதை நம்பி நடக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வன்னியின் நாலா பக்கங்களிலுமிருந்து கடிதங்கள் வந்துள்ளன. சிலர் அதை விளக்கச் சொல்கிறார்கள். சிலர் அது பிழை என்கிறார்கள். பிழை என்று எழுதியவர்கள் பக்கமே நியாயம் கூடுதலாக இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

மாங்குளத்திலிருந்து ஓர் உயர்தர மாணவி: "திசைகாட்டி எப்போதும் வடக்கையே காட்டுவது ஏன்? வடதுருவத்தில் பெரிய காந்த மலை ஒன்று இருப்பதாக என் அம்மம்மா சொல்கிறார். பூமிக்குள் ஒரு சட்டக் காந்தம் இருப்பதாக நினைத்துக்கொள் என்கிறார் ஆசிரியர். ஐயா, எது சரி?"

அம்மம்மாவின் கதையைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம், பிள்ளை. அது மிகப் பழைய கதை. அதில் நம்முடைய கடலுக்கும் பங்கு உண்டு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, கிழக்குக் கடலில் மனியோலை என்னும் பத்துத் தீவுகள் இருப்பதாகவும், இரும்பு ஆணி அறைந்த கப்பல்களை அவை பிடித்து நிறுத்திவிடுவதாகவும் எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்தத் தீவுகளை இலங்கைக்கு அருகே நகர்த்திக்கொண்டு வந்தார்கள். இந்துமாக்கடலில் ஓடிய மரக்கலங்கள் பல ஆணி அடிக்கப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததைக் கண்ட அந்நியர், காந்தப் பாறைக்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறார்கள் என்று நம்பினர். தைத்த கலம் அலைக்கு வளைந்துகொடுக்கும், கரையில் மோதினாலும் எளிதில் பிளக்காது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் ஐரோப்பியர் அதே காந்த மலையை வடதுருவத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மெர்கேட்டர் வரைந்த உலகப் படத்திலும் அதற்கு இடம் கிடைத்தது.

அந்த மலையைத் தூக்கி எறிந்தவர் வில்லியம் கில்பர்ட் என்ற இலண்டன் மருத்துவர். காந்தக்கல் ஒன்றை உருண்டையாகக் கடைந்து, அதன் மேல் சிறிய ஊசியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அவர், உலகின் வெவ்வேறு இடங்களில் கப்பலோட்டிகள் கண்டதைப் போலவே அந்த ஊசியும் நடந்துகொள்வதைக் கண்டார். பூமியின் ஏதோ ஒரு மூலையில் காந்தம் இருக்கவில்லை, பூமியே ஒரு காந்தம் என்று 1600இல் அவர் அறிவித்தார். சட்டக் காந்தத்தைக் கற்பனை செய்யச் சொல்லும் உங்கள் ஆசிரியர் கில்பர்ட்டின் வழியில்தான் நிற்கிறார். படம் வரைவதற்கு அந்தக் கற்பனை போதும். உண்மையில் பூமிக்குள் அப்படி ஒரு காந்தம் இருக்கவே முடியாது. இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை மறைந்துவிடும் என்பதும், பூமியின் நடுவில் உள்ள இரும்பின் வெப்பநிலை பல ஆயிரம் பாகை என்பதும் அதற்குக் காரணம்.

அப்படியானால் காந்தம் எங்கிருந்து வருகிறது? 1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகே வைத்த ஊசி திரும்புவதைக் கண்டார். காந்தத்தை உண்டாக்கக் காந்தக்கல் வேண்டியதில்லை, மின்னோட்டமே போதும் என்பது அன்று தெரிந்தது. நம் காலடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் தொடங்கி 5,150 கிலோமீற்றர் வரை இரும்பும் நிக்கலும் கலந்த உருகிய குழம்பு இருக்கிறது. வெளி அகணி என்று அதைச் சொல்வார்கள். அடியிலிருந்து சூடேறும் அந்தக் குழம்பு உலைநீர் போல மேலெழுந்து, ஆறி, மீண்டும் கீழிறங்குகிறது. பூமியின் சுழற்சி அந்த ஓட்டங்களைத் திருகிச் சுருட்டுகிறது. மின்னைக் கடத்தும் திரவம் காந்தப்புலத்துக்குள் ஓடும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் மீண்டும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது.

1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் பெற்றோரைக் கேட்டால் செய்தே காட்டுவார்கள். ஒரே ஒரு வேறுபாடுதான். சைக்கிள் டைனமோவுக்குள் ஒரு நிலையான காந்தத்தை முன்னதாகவே வைத்திருப்பார்கள். பூமியின் டைனமோ தனக்கு வேண்டிய காந்தத்தையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மிதியைச் சுற்றும் கையின் வேலையை உள்ளிருக்கும் வெப்பம் செய்கிறது.

இனி ஊசிக்கு வருவோம். ஊசியை வடக்கு "இழுக்கிறது" என்று நாம் பேச்சில் சொல்வது முழுச் சரியன்று. காந்தமேற்றிய ஊசியைத் தக்கையில் செருகி நீரில் மிதக்கவிட்டால், அது வடக்கு நோக்கித் திரும்புமே தவிர, வடக்குக் கரையை நோக்கி மிதந்து போகாது. 1581இல் இங்கிலாந்தின் ரொபர்ட் நோர்மன் என்ற கருவி செய்பவர் இதைக் கவனித்து எழுதினார். ஊசியின் ஒரு முனையில் வடக்கு நோக்கிய விசையும் மறு முனையில் அதே அளவு தெற்கு நோக்கிய விசையும் செயற்படுகின்றன. இரண்டும் சேர்ந்து ஊசியைத் திருப்ப முடியும், நகர்த்த முடியாது. களப்பில் நங்கூரமிட்ட வள்ளம் நீரோட்டத்துக்கு நேராகத் திரும்பி நிற்பதைப் போல, ஊசி தான் இருக்கும் இடத்துக் காந்தப்புலத்துக்கு நேராகத் திரும்பி நிற்கிறது. ஊசி வடக்கைத் தேடுவதும் இல்லை, அறிவதும் இல்லை. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கடிதங்களுக்கான பதில்களில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

தேர்வுக்காக ஒரு குறிப்பு. ஊசியின் வடக்கு நோக்கும் முனைக்கு வடமுனைவு என்று பெயர் வைத்துவிட்டோம். ஒவ்வாத முனைவுகளே ஒன்றையொன்று கவரும் என்பதால், பூமியின் வடபுறத்தில் இருப்பது காந்தவியல் கணக்கில் தென்முனைவாகிறது. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம் இது. இயற்கையின் மேல் பழி போட வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்: "கனடாவில் இருக்கும் மாமா விடுமுறைக்கு வந்தபோது விலையுயர்ந்த திசைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் ஊசி மட்டமாக நிற்பதில்லை. தெற்கு முனை கீழே சாய்ந்து அடித்தட்டில் உரசுகிறது. பயணத்தில் விழுந்து பழுதாகியிருக்குமா?"

உங்கள் மாமாவின் பரிசு பழுதாகவில்லை. அது கனடாவுக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான். எனக்கு வந்த கடிதங்களில் நான் மிகவும் விரும்பிப் படித்தது இது.

பூமியின் காந்தப்புலம் எல்லா இடங்களிலும் நிலத்துக்கு மட்டமாக ஓடுவதில்லை. வடக்கே போகப் போக அது நிலத்துக்குள் குத்திட்டு இறங்குகிறது. டொரொண்டோவில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 70 பாகை. அங்கே தடையின்றித் தொங்கவிட்ட ஊசி வடக்கையும் காட்டும், அதைவிடக் கூடுதலாக நிலத்தையும் காட்டும். 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ரொஸ் கனடாவின் வடகோடியில் உள்ள பூத்தியா தீபகற்பத்தில் காந்த வடதுருவத்தை அடைந்தபோது, அவருடைய சாய்வூசி 89 பாகை 59 கலை (60 கலை ஒரு பாகை) சாய்ந்து, ஏறத்தாழச் செங்குத்தாக நின்றது. அந்த இடத்தில் சாதாரணத் திசைகாட்டி எதற்கும் உதவாது. ஊசியைப் பக்கவாட்டில் திருப்பும் விசை அங்கே இல்லை.

இதனால், வட நாடுகளுக்காகத் திசைகாட்டி செய்பவர்கள் வடக்கு முனை கீழே சாயாதபடி தெற்கு முனையில் சிறிது எடை சேர்த்து ஊசியைச் சமப்படுத்துவார்கள். அந்தக் கருவி வன்னிக்கு வரும்போது என்ன நடக்கிறது? புலம் முழு மட்டமாகும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு, இந்தியாவின் தென்முனைக்கு அருகாலும் இலங்கைக்கு மேலாகவும் செல்கிறது. வன்னியில் சாய்வு சில பாகைகள் மட்டுமே. வடக்கு முனையைக் கீழே அழுத்தும் விசை இங்கே இல்லாமற் போக, தெற்கு முனையில் சேர்த்த எடை மட்டும் எஞ்சி நின்று அந்த முனையைத் தாழ்த்திவிடுகிறது. தராசின் ஒரு தட்டிலிருந்த அரிசியை எடுத்துவிட்டு, மறு தட்டில் படிக்கல்லை அப்படியே விட்டதைப் போன்றது இது.

கருவியைச் சிறிது சரித்துப் பிடித்து, ஊசி உரசாமல் ஆடும்படி பார்த்துக்கொண்டால் அது சரியான திசையையே காட்டும். மாமா அடுத்த முறை வரும்போது, உலகின் எல்லா வலயங்களுக்கும் பொருந்தும் வகை என்று குறிப்பிட்டு விற்கும் திசைகாட்டியைக் கேட்டு வாங்கி வரலாம். ஊசி மட்டமாகக் கிடக்கும் வன்னியே, உண்மையில், திசைகாட்டி பயன்படுத்துவதற்கு உலகில் மிகப் பொருத்தமான பகுதிகளில் ஒன்று. இங்கே புலத்தின் மொத்த வலிமை, அதை அளக்கும் அலகில், ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாதான். கனடாவில் அது இதைவிடக் கூடுதல். ஆனால் நமக்கு அந்த 40இன் பெரும்பங்கும் ஊசியைத் திருப்பும் வேலையில் ஈடுபடுகிறது; அவர்களுக்கோ பெரும்பங்கு நிலத்துக்குள் போய்விடுகிறது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஆசிரியர்: "ஊசி உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை, காந்த வடதுருவத்தை நோக்கியே நிற்கிறது என்று நூல்களில் உள்ளது. தாங்கள் அதைக் குறிப்பிடாமல் விட்டது சரியா?"

விட்டது பிழை. ஆயினும், மதிப்புக்குரிய ஆசிரியரே, நூல்களில் உள்ளதாகத் தாங்கள் எழுதிய வரியிலும் பாதியே சரி. ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் என்பது சரி. அது காந்தத் துருவத்தை நோக்கி நிற்கும் என்பது சரியன்று. வன்னியில் இருப்பவர்கள் இதைத் தம் முற்றத்திலேயே கண்டுகொள்ளலாம்.

ரொஸ் கண்ட காந்தத் துருவம் அங்கேயே நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமுண்ட்சென் அதே பகுதிக்குச் சென்று அளந்தபோதே அது நகர்ந்திருந்தது. 1990களுக்குப் பின் அது ஆண்டுக்கு 50 கிலோமீற்றர் அளவுக்குக்கூட விரைந்து, கனடாவைக் கைவிட்டு பூமியின் உண்மை வடதுருவத்துக்கு அருகால் கடந்து, இப்போது சைபீரியாவின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. நம் நெடுங்கோட்டுக்கு அது கிழக்கே இருக்கிறது. அப்படியானால், துருவத்தை நோக்கி நிற்கும் ஊசி வன்னியில் உண்மை வடக்குக்குச் சற்றுக் கிழக்கே சாய்ந்து நிற்க வேண்டும். நம் ஊசியோ ஏறத்தாழ 2 பாகை மேற்கே விலகி நிற்கிறது. துருவம் ஒரு பக்கம், ஊசி மறு பக்கம். ஊசிக்குத் துருவத்தைப் பற்றிய கவலை இல்லை. தன்னைச் சுற்றியுள்ள புலம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் அது நிற்கும். அகணியின் குழம்பு சீராக ஓடாததால் புலத்தின் கோடுகளும் உலகெங்கும் வளைந்து நெளிந்தே செல்கின்றன. உண்மை வடக்குக்கும் ஊசியின் வடக்குக்கும் இடையிலான கோணத்தைக் காந்த விலகல் என்பார்கள். சீனாவின் ஷென் குவோ 1088 அளவிலேயே, ஊசி நேர் தெற்கைக் காட்டாமல் சற்று விலகி நிற்பதை எழுதியிருக்கிறார்.

மாணவருடன் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கோயில் கட்டுபவர்கள் சங்கு என்னும் முளையை நட்டுத் திசை காண்பது தாங்கள் அறிந்ததே. மட்டமான தரையில் நேரான கம்பு ஒன்றை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளியையும் மாலையில் மீண்டும் தொடும் புள்ளியையும் குறித்து இணைத்தால், அது உண்மையான கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக ஐந்து மீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அதே அடியிலிருந்து ஊசி காட்டும் வழியே இன்னொரு கோடு இழுங்கள். கவனமாகச் செய்திருந்தால் இரண்டு கோடுகளின் நுனிகளுக்கும் இடையே ஒரு சாண் அளவுக்குக் கிட்டிய இடைவெளி, 17 சென்ரிமீற்றர் அளவில், இருக்கும். கம்பு இரும்புக் கம்பியாக இருக்கக் கூடாது. நானும் ஒருமுறை கையில் கிடைத்த கட்டடக் கம்பியை நட்டுவிட்டு, அதன் அருகே ஊசியை வைத்து, வகுப்பின் முன் திகைத்து நின்றிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர்: "மீள்குடியேறியபோது எங்கள் காணியின் எல்லைக் கற்களைக் காணவில்லை. பழைய வரைபடத்தில் வடக்கு அம்புக்குறி உள்ளது. திசைகாட்டி வைத்து எல்லையை நானே பிடிக்கலாமா?"

வேண்டாம். 2 பாகை என்பது 100 மீற்றர் நீளமான வேலியில் மூன்றரை மீற்றர். நம் ஊரில் அதில் பத்தில் ஒரு பங்குக்கே அயலவர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வரைபடத்தின் அம்பு உண்மை வடக்கைக் குறிக்கிறதா, காந்த வடக்கைக் குறிக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். காந்த வடக்காக இருந்தால், அது வரையப்பட்ட ஆண்டின் விலகலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏனென்றால் விலகல் ஆண்டுக்காண்டு மாறுகிறது. எல்லைக்கல் எங்கே இருந்திருக்கும் என்று தேடத் தொடங்குவதற்குத் திசைகாட்டி உதவும். எல்லையை முடிவு செய்வதற்கு உதவாது. நில அளவையாளரை அழையுங்கள். கண்ணிவெடி அகற்றித் துப்புரவு செய்யப்படாத பகுதியாக இருந்தால் கல்லைத் தேடித் தோண்டவும் வேண்டாம்.

துணுக்காயிலிருந்து ஒரு விவசாயி: "உழவு இயந்திரத்தின் மூடியில் வைத்துப் பார்த்தால் ஊசி கிழக்கே காட்டுகிறது. இறங்கி வயலில் நின்றால் சரியாகக் காட்டுகிறது. மகனின் கைத்தொலைபேசி மூன்றாவது திசையைக் காட்டுகிறது. எதை நம்புவது?"

வயலில் நின்று பார்த்ததை நம்புங்கள். பூமியின் புலம் மிக மெல்லியது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சிறிய காந்தம், தொடும் தூரத்தில், இதைப் போல் நூறு மடங்கு வலிமையுள்ளது. ஒரு தொன் இரும்புக்கு மேல் ஊசியை வைத்தால், அது பூமியின் புலமும் இயந்திரத்தின் புலமும் சேர்ந்த திசையில் நிற்கிறது. அப்போதும் ஊசி பிழை செய்யவில்லை, தன் வேலையையே செய்கிறது; எந்தப் புலத்தை அதனிடம் கொடுத்தோம் என்பதே கேள்வி.

உழவு இயந்திரம், லொறி போன்றவற்றிலிருந்து இருபது மீற்றராவது விலகி நின்று பாருங்கள். முட்கம்பி வேலிக்குப் பத்து மீற்றர் போதும். வேலிக் கட்டையில் சாய்ந்துகொண்டு திசை பார்ப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தோளில் மண்வெட்டி, இடுப்பில் கத்தி, கையில் உருக்கு வளையக் கைக்கடிகாரம் என்று நிற்பவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால், பத்து அடி தள்ளிப்போய், தூரத்தில் தெரியும் அதே பாலை மரத்தை மீண்டும் குறிபாருங்கள். இரண்டு இடங்களிலும் கோணம் வெகுவாக வேறுபட்டால் அருகில் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

கைத்தொலைபேசிக்குள் ஊசி இல்லை. மூன்று திசைகளிலும் புலத்தை அளக்கும் ஒரு நுண்ணிய மின் உணரி இருக்கிறது. ஒலிபெருக்கியின் காந்தமும் அதே கூட்டுக்குள் இருப்பதால், கருவி தன் சொந்தக் காந்தத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவே, காற்றில் எட்டு என்ற எண்ணை எழுதுவது போல அதைச் சுழற்றச் சொல்கிறார்கள். காந்தம் பதித்த உறையைக் கழற்றிவிட்டு அப்படிச் செய்யச் சொல்லுங்கள். சில கைத்தொலைபேசிகளில் உண்மை வடக்கைக் காட்டும் தெரிவும் உண்டு. இடத்தை அறிந்து, அந்த இடத்துக்குரிய விலகலை உலகக் காந்தப்புல மாதிரி ஒன்றிலிருந்து எடுத்து, தானே திருத்திக்கொள்ளும். அந்த மாதிரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கம். புலம் எதிர்பார்த்ததைவிட விரைவாக மாறியதால், 2019இல் தவணைக்கு முன்பே புதுப்பிக்க நேர்ந்தது.

கொக்கிளாயிலிருந்து: "எங்கள் கரையின் கறுப்பு மணலும் உள்ளூரின் செம்மண்ணும் இரும்பு கலந்தவை. அவை ஊசியைத் திருப்புமா?"

நடைமுறையில் திருப்பாது. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைற்று என்னும் கனிமத்திலும் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஒட்சைட்டிலும் இரும்பு உண்டு. ஆனால் இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே காந்தத்தன்மை அமையும், இவை மிக மெலிந்தவை. ஆனால் அதே மண்ணைச் செங்கல்லாக்கிச் சூளையில் வைத்துச் சுட்டால் ஒரு புதுமை நிகழும். செந்தணலாகச் சூடேறிய கல் ஆறும்போது, அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள் அன்றைய காந்தப்புலத்தின் திசையைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. பழைய சூளையொன்று அசையாமல் புதைந்து கிடந்தால், கடைசியாக அது எரிந்த காலத்தில் ஊசி எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதை ஆய்வாளர் அதிலிருந்து வாசித்துவிடுவார்கள். எரிமலைக் குழம்பு ஆறிய பாறைகளிலும் இப்படியே. 1906இல் பிரான்சின் புரூன்சும் 1929இல் யப்பானின் மதுயாமாவும், இன்றைய திசைக்கு நேர் எதிராகக் காந்தம் பதிந்த பாறைகளைப் பற்றி எழுதினர். ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் புலம் கடைசியாகத் தலைகீழாக மாறியது. அதற்கு முன் ஒருவர் கையில் திசைகாட்டி இருந்திருந்தால், அதன் வடக்கு முனை தெற்கையே காட்டியிருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளியின் மகள்: "அப்பாவின் படகில் ஜீ.பி.எஸ். இருக்கிறது. வானத்தில் துருவ நட்சத்திரம் இருக்கிறது. இன்னும் ஏன் கொம்பாசையும் கொண்டுபோகிறார்?"

அப்பா அனுபவசாலி. துருவ நட்சத்திரம் ஓரிடத்தில் அந்த இடத்தின் அகலக்கோட்டு அளவு உயரத்திலேயே தெரியும். முல்லைத்தீவில் அது ஏறத்தாழ 9 பாகை. கையை நீட்டி மடக்கிய முட்டியின் உயரம் அவ்வளவுதான். அடிவானத்தில் சிறிது புகையோ முகிலோ இருந்தால் அது மறைந்துவிடும். வாடைக் காலத்தில் நாட்கணக்கில் தெரியாது. பகலில் சூரியனை நம்பலாம் என்றால், நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும் என்று பல நூல்களில் எழுதியிருப்பது நமக்கு எப்போதும் பொருந்தாது. ஏப்ரல் நடுப்பகுதியில், புத்தாண்டை ஒட்டி, சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்க, நிழல் தெற்கே விழும்.

ஜீ.பி.எஸ். கருவி நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை நன்றாகச் சொல்லும். படகு நின்றுவிட்டால் அதன் முன்பக்கமான அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. ஓடும்போது, இடம் மாறுவதைக் கொண்டே அது திசையைக் கணிக்கிறது. இயந்திரம் நின்ற படகு இருட்டில் சுழலும்போது ஊசிதான் உதவும். பற்றரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும். உங்கள் கரை கடலுக்கு மேற்கே நீண்டு கிடப்பதும் ஒரு வசதி: 20 கிலோமீற்றர் வெளியே இருந்து மேற்கே பிடித்து வருபவர் 2 பாகை தவறினாலும் 700 மீற்றர் அளவே தள்ளிக் கரையேறுவார். ஊசிப் பெட்டியை இயந்திரத்துக்கும் வானொலியின் ஒலிபெருக்கிக்கும் எட்ட வைத்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: "வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை இழுக்கும் என்கிறார்களே?"

இழுக்காது. இரத்தத்தின் இரும்பு காந்தத்தில் ஒட்டும் ஆணியின் இரும்பைப் போன்றதன்று. மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிக்குள், வன்னியின் புலத்தைப் போல் 37,000 மடங்கு வலிமையுள்ள புலத்தில் மனிதர் அரை மணி நேரம் படுத்து எழுந்து வருகிறார்கள். வடக்கை இறப்போடு சேர்த்து நினைப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது காந்தத்துக்காக அன்று. வழக்கத்தை வழக்கமாகவே பின்பற்றலாம், அதற்கு அறிவியல் சட்டை போடத் தேவையில்லை.

மல்லாவியிலிருந்து, தரம் 6 படிக்கும் தம்பி ஒருவர்: "கடையில் வாங்காமல் வீட்டிலேயே திசைகாட்டி செய்ய முடியுமா?"

முடியும், தம்பி. தையல் ஊசி ஒன்று, பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், ஒரு பூவரசம் இலைத் துண்டு, பிளாஸ்ரிக் கோப்பை ஒன்றில் தண்ணீர், இவ்வளவும் போதும். ஊசியின் காதிலிருந்து கூர் வரை காந்தத்தின் ஒரே பக்கத்தால் தேய்த்துக்கொண்டு போ. கூரை அடைந்ததும் காந்தத்தை உயரத் தூக்கி, மீண்டும் காதிலிருந்தே தொடங்கு; முன்னும் பின்னுமாக இழுத்தால் ஏறிய காந்தம் இறங்கிவிடும். ஊசியின் உருக்குக்குள் சின்னஞ்சிறு காந்தப் பகுதிகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. தேய்ப்பது அவற்றை ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது. நாற்பது தடவை தேய்த்த பிறகு ஊசியை இலையில் வைத்து, காற்றுப் படாத இடத்தில் தண்ணீரில் மிதக்கவிடு. அது மெதுவாகத் திரும்பி வடக்குத் தெற்காக நிற்கும்.

கூர் வடக்கே நிற்கிறதா, தெற்கே நிற்கிறதா என்பது காந்தத்தின் எந்தப் பக்கத்தால் தேய்த்தாய் என்பதைப் பொறுத்தது. அதை ஊசி சொல்லாது. காலையில் வெயில் வரும் பக்கத்தை வலக்கைப் பக்கமாக வைத்து நின்றால் உன் முகம் வடக்கைப் பார்க்கும். அந்தப் பக்கம் இருக்கும் முனைக்கு அம்மாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வை. காந்தத்தை எடுத்துத் தூரத்தில் வைத்துவிட்டு, அப்பாவின் மண்வெட்டியைக் கோப்பைக்கு அருகே கொண்டுவந்து, ஊசி என்ன செய்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.